விதை இருப்பும் வலைத்தளமும்

விதை இருப்பு, மண் பரிசோதனை முடிவு, சந்தை விலை முதலிய விவரங்களைக் குடியானவர்கள் தாமே தேடிக் காணும்படி வலைத்தளம் அமைக்க வேண்டுமாயின், அதற்குரிய கணினி நிரலை அடிமுதல் புதிதாக எழுதுவித்தே தீரவேண்டும் என்ற எண்ணம் பல அலுவலகங்களில் நிலவுகிறது. அது சரியன்று. உள்ளடக்க நிர்வாக அமைப்பு எனப்படும் ஆயத்தச் சாதனமே இவ்வேலையின் பெரும்பகுதிக்குப் போதியதாகும்.

இத்தகைய சாதனங்களுள் ட்ரூபல் என்பது ஒன்று. பெல்ஜியம் தேசத்தவரான டிரீஸ் பாய்டார்ட் என்பவர் அதனை யாவரும் விலையின்றி எடுத்தாளும்படி 2001-ம் வருஷம் வெளியிட்டார். கட்டுரைகளை ஏற்றுவதற்கு மட்டுமே அது உதவும் என எண்ணுதல் தவறு. பதிவு வகைகளை ஏற்படுத்தவும், அவற்றிற்கு வேண்டிய கட்டங்களை வகுக்கவும், ஒரு வகைப் பதிவை மற்றொன்றோடு இணைக்கவும், இன்னார் இன்னதைத் திருத்தலாமென அதிகாரம் பகுக்கவும் அதில் வசதி உண்டு. வேண்டியவற்றை மட்டும் பொறுக்கிப் பட்டியலாகக் காட்டும் 'வியூஸ்' என்னும் பகுதியை முன்னர்த் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. 2015-ல் வந்த எட்டாம் பதிப்பு முதல் அது உள்ளேயே அமைந்துள்ளது.

ஆயினும், உழாத நிலத்தில் உயர்ந்த விதையை இடுவதால் பயனில்லை. கோ 51 நெல்லைப் பற்றி ஒரே பத்தியாக எழுதி வைத்தால் படிக்கலாம். 110 நாட்களுக்குள் விளையும் இரகங்கள் எவை, அவை எந்த விரிவாக்க மையத்தில் உள்ளன என்ற கேள்விக்கு அப்பத்தியிலிருந்து பட்டியல் எடுக்க இயலாது. இரகத்தின் பெயருக்கு ஒரு கட்டம், பருவத்திற்கு ஒரு கட்டம் வேண்டும். வயதை '105 முதல் 110 நாள்' என எழுத்தாகப் பதியாமல், இரண்டு எண்களாகப் பிரித்துப் பதிதல் வேண்டும். மையம் தனிப் பதிவு வகை. இருப்பு, இரகத்தையும் மையத்தையும் இணைக்கும் பதிவு. இவ்வாறு காகிதத்தில் முதலில் வகுக்க வேண்டியவர்கள் களத்தை அறிந்த உத்தியோகஸ்தர்களே. கணினி நிபுணரை அழைப்பது அதன் பின்னரே தகும்.

விலையின்றிக் கிடைப்பது பராமரிப்பின்றி நிலைக்காது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். 2014-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி, ட்ரூபல் ஏழாம் பதிப்பிலிருந்த பெரும் பாதுகாப்புக் குறையொன்று திருத்தத்துடன் அறிவிக்கப்பட்டது. ஏழு மணி நேரத்திற்குள் திருத்திக் கொள்ளாத தளங்கள் கெடுக்கப்பட்டனவாகவே கருதப்பட வேண்டுமென அதன் பாதுகாப்புக் குழுவினர் பின்னர் எச்சரித்தனர். அப்பதிப்பிற்குரிய ஆதரவும் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிவுற்றது. ஆகவே, ஆண்டுதோறும் பராமரிப்புக்கெனத் தொகை ஒதுக்காமல் தளம் தொடங்குவது, காவலின்றிக் களத்தில் நெல்லைக் குவிப்பதற்கு ஒப்பாகும்.

நொடிதோறும் பல்லாயிரம் கணக்குகள் நடைபெறும் இடத்தில் தனி நிரலே தேவைப்படலாம். விதை இருப்பு அத்தகையதன்று. நாள்தோறும் ஒருவர் தவறாது பதிந்தால் போதும். தளத்தில் இருப்பு உண்டென்று கண்டு, பஸ் கட்டணம் கொடுத்து வந்த குடியானவர் வெறுங்கையோடு திரும்பினால், நாற்றுவிடும் காலமும் தவறும். மறுமுறை அவர் தளத்தை நம்பவும் மாட்டார். எனவே, சாதனத்தைத் தேர்ந்தெடுக்குமுன், இருப்பைப் பதிய வேண்டியவர் யாரென்று நிச்சயித்துக் கொள்ளுதலே அலுவலகங்கள் செய்யவேண்டிய முதற் காரியமாகும்.