டயாலிசிஸ் வரை காத்திருக்கலாமா?

புது தில்லி: மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி அளிக்கும் தேசியத் திட்டத்தை 2016-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்தார் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி. ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாக இறுதிக்கட்டச் சிறுநீரக நோய்க்கு ஆளாவதாகவும், ஒரு நோயாளியின் டயாலிசிஸுக்கு ஆண்டுக்கு ரூ. 3 லட்சத்துக்கு மேல் செலவாவதாகவும் அவர் அவையில் தெரிவித்தார். ஏழை நோயாளிகளுக்கு அத்திட்டம் பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால், சிறுநீரகம் செயலிழக்கும் வரை அவர்களை விட்டுவைத்தது யார்?

சிறுநீரகச் செயலிழப்புக்கு முக்கியக் காரணம் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது.

சிறுநீரகப் பாதிப்பு பல ஆண்டுகள் வலியின்றி, வீக்கமின்றி வளரும். ரத்தத்தில் கிரியாட்டினின் உயர்வதற்கு முன்பே, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் அல்புமின் இருந்தால் அது எச்சரிக்கை மணி. அக்கட்டத்தில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தி, உரிய மாத்திரைகளைத் தொடர்ந்தால் பாதிப்பின் வேகத்தைத் தணிக்கலாம். சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குச் சிறுநீரகம், கண் ஆகியவற்றின் நுண் ரத்தநாளப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்ததை 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு உறுதிப்படுத்தியது.

முப்பது வயதைக் கடந்தோருக்கான அரசின் பரிசோதனைத் திட்டம் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மூன்று வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றை மையமாகக் கொண்டே தொடங்கியது. தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளில் நாள்பட்ட சிறுநீரக நோயும் சேர்க்கப்பட்டது வரவேற்கத்தக்கது. எனினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

சர்க்கரை நோயாளியாகப் பதிவான ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீர் அல்புமின் பரிசோதனையும், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், அதற்கெனத் தனி நிதி ஒதுக்க மத்திய அரசுக்குத் தடையேதுமில்லை.

டயாலிசிஸ் மையங்களின் எண்ணிக்கையைச் சாதனையாகப் பட்டியலிடும் அரசு, எத்தனை சர்க்கரை நோயாளிகளுக்கு அல்புமின் பரிசோதனை நடந்தது என்ற கணக்கையும் அவையில் வைக்க வேண்டும். கேள்வி நேரத்தில் அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு, கட்சி வேறுபாடின்றி எல்லா உறுப்பினர்களுக்கும் உண்டு.