இலவச சீட்டுக்கும் முன்பணம்! கட்ட முடியாத ஏழைக்கு கதவு அடைப்பு

தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைக்கு 25 சதவீத இடம் இலவசம் என்று சட்டம் வந்து 15 வருஷம் தாண்டியாச்சு. ஆனால் 2025-ல் தமிழ்நாட்டில் நடந்த கூத்தைப் பார்த்தால், யாருக்காக சட்டம் போட்டார்களோ அவர்களே வெளியே நின்றதுதான் மிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் எல்.கே.ஜி. அல்லது 1-ம் வகுப்பில் நாலில் ஒரு இடத்தை ஏழை, எளிய பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். 8-ம் வகுப்பு வரை பீஸ் கிடையாது.

தனியார் பள்ளிகள் கோர்ட்டு படி ஏறின. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு 'சட்டம் செல்லும்' என்று கூறிவிட்டது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு.

பள்ளிகள் இதை சும்மா தருவதில்லை. அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு செய்யும் செலவு, தனியார் பள்ளியின் பீஸ், இரண்டில் எது குறைவோ அந்தத் தொகையை அரசு கொடுத்துவிடும். சிக்கலே இந்தப் பணத்தில்தான்.

2025-ல் நடந்தது என்ன?

வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் ஆன்லைனில் விண்ணப்பம் வாங்குவார்கள். 2025-ல் ஏப்ரல் போச்சு, மே போச்சு, ஜூனில் பள்ளியும் திறந்தாச்சு. அறிவிப்பு மட்டும் வரவில்லை.

பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் சேரவில்லை என்று மத்திய அரசு கல்வி நிதியை நிறுத்தியது. மும்மொழிக் கொள்கையை ஏற்க மாட்டோம் என்று மாநில அரசு சொன்னது. மத்திய நிதி வராததால் சேர்க்கை நின்றது.

2025 ஜூனில் சென்னை ஐகோர்ட்டு இரண்டு பக்கமும் குட்டு வைத்தது. இலவச இடத்துக்கான பணத்தை மற்ற பிரச்சினையோடு முடிச்சுப் போடக்கூடாது என்று மத்திய அரசுக்கு சொன்னது. நிதி வரவில்லை என்பதைக் காரணம் காட்டி கடமையில் இருந்து நழுவக்கூடாது என்று மாநில அரசுக்கும் சொன்னது.

கடைசியில் நிதியின் ஒரு பகுதி வந்து, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதுவும் எப்படி? ஏற்கனவே அந்தப் பள்ளியில் சேர்ந்து படிக்கும் பிள்ளைகளில் தகுதி உள்ளவர்களுக்கு இடம். வாங்கிய பீஸை பள்ளி திருப்பித் தர வேண்டும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஜூனில் பீஸ் கட்டியது யார்? நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ கட்ட முடிந்தவர்கள். அதுக்கும் வழியில்லாத சித்தாளின் பிள்ளைக்கு அக்டோபரில் விண்ணப்பம் போடவே வாய்ப்பு இல்லை. காசு கட்டியவருக்கு இலவசம், கட்டாதவருக்கு இல்லை. சட்டம் தலைகீழாகிப் போனது.

புத்தகம், சீருடை?

சீட்டு கிடைத்தாலும் செலவு விடுவதில்லை. 'பீஸ்தான் இலவசம், புத்தகத்துக்கும் சீருடைக்கும் கட்டுங்க' என்று கேட்கும் பள்ளிகள் உண்டு. புத்தகம், சீருடை செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023-ல் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. இந்த விவரம் பல பெற்றோருக்கு எட்டவே இல்லை.

8-ம் வகுப்புக்கு அப்புறம்?

9-ம் வகுப்பில் முழு பீஸ் கட்ட வேண்டும். முடியாதவர்கள் கலங்க வேண்டாம். இந்த ஒதுக்கீட்டில் 8 வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்பில் அரசு பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2020-ல் வந்த சட்டத்திலேயே இது இருக்கிறது.

கையில் என்ன இருக்கணும்?

பிறப்புச் சான்று, இருப்பிட ஆதாரம், சாதிச் சான்று. நலிவடைந்த பிரிவில் விண்ணப்பித்தால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்கு கீழ் என்பதற்கான சான்று. அறிவிப்பு வந்த பிறகு தாசில்தார் ஆபீசுக்கு ஓடினால் நாள் போதாது. வீட்டில் இருந்து 1 கிலோ மீட்டருக்குள் உள்ள பள்ளிகளை இப்போதே பார்த்து வையுங்கள். இடத்தை விட விண்ணப்பம் கூடினால் குலுக்கல்தான். பிள்ளைக்கு பரீட்சை வைத்தோ, பெற்றோரை இன்டர்வியூ எடுத்தோ வடிகட்டக் கூடாது. மீறும் பள்ளிக்கு முதல் தடவை 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பெற்றோர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மீதி அரசுகள் கையில். பள்ளிக்குத் தர வேண்டிய பணத்துக்கு டெல்லியும் சென்னையும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கணக்குப் பார்க்கலாம். பிள்ளைக்கு எல்.கே.ஜி. வயசு ஒரு தடவைதான் வரும். சேர்க்கையை முதலில் நடத்திவிட்டு சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளட்டும்.