கல்லின் சூடும் உடலின் அளவும்

குளிர் மிகுந்த மலைநாட்டில் மக்கள் வெப்பத்தை நாடுவது இயற்கை. பகாங் மாநிலத்தின் வடமேற்கே, ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள தானா ராத்தாவிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளிலும் விடியற்குளிர் எலும்பைத் தொடும். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய பின்னர், தென்னிந்தியாவிலிருந்து வந்து இச்சரிவுகளில் கொழுந்து பறித்த தமிழ் மக்கள் தம் ஊர்க் கைவைத்தியத்தையும் உடன் கொணர்ந்தனர். வறுத்த உப்பு, சூடான தவிடு, துணி சுற்றிய செங்கல் ஆகியவற்றால் இட்ட ஒற்றடமே கூடை சுமந்த முதுகுக்கும் மேடேறிய முழங்காலுக்கும் மருந்தாயிற்று.

அதே சூடு இன்று வேறு கோலம் பூண்டு வந்திருக்கிறது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் கற்களை வெந்நீரில் சூடாக்கி, எண்ணெய் பூசிய உடலின்மீது வைத்தும் அவற்றாலேயே நீவியும் தரும் மசாஜ் முறையொன்றை 1993-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மேரி நெல்சன் என்பவர் வகுத்தார். சுற்றுலா விடுதிகள் வழியே சுடுகல் மசாஜ் உலகெங்கும் பரவிவிட்டது. உயர்ந்த கட்டணம் செலுத்துவோர்க்கு, 'தங்கள் உடல்நிலைக்கு ஏற்பத் தனியே அமைத்துத் தருகிறோம்' என்னும் உறுதிமொழியும் அதனுடன் சேர்த்து விற்கப்படுகிறது.

இங்கேதான் வினா எழுகிறது. ஆளுக்கு ஏற்பச் சூட்டை அளப்பது பணம் படைத்தோர்க்கு மட்டுமே உரிய ஆடம்பரமா? 'உழைத்துக் களைத்தவனுக்கு எதற்கு இத்தனை விசாரணை? சூடு பட்டால் வலி போகும்' என்று கூறுவோர் தோட்டத்திலும் உளர், நகரத்திலும் உளர். இக்கருத்து பிழையானது, பிழையானது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும்.

சூடு எவ்வாறு தோலைத் தாக்குகிறது என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1947-இல் அளந்து காட்டினர். தோலின் மேற்பரப்பு 44 டிகிரி செல்சியசில் இருந்தால் வெந்துபோக ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். 60 டிகிரியை எட்டிவிட்டால் ஏறத்தாழ 5 நொடிகளே போதும். சில டிகிரி வேறுபாட்டுக்குள் மருந்து காயமாகிவிடுகிறது என்பதே இதன் பொருள். பசால்ட் கல்லோ சூட்டை நெடுநேரம் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் இயல்புடையது. அதனை ஓரிடத்தில் வைத்துவிட்டு மறந்துபோகும் கை, நலம் செய்யும் கையாகுமா?

நல்ல உடலாயின் சூடு மிகும்போது துடிக்கும், வேண்டாமென்று கூவும். ஆனால், எல்லா உடலும் அவ்வாறு கூவுவதில்லை. மலேசிய சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. தோட்டத்து வழக்கில் 'இனிப்புநீர்' எனப்படும் இந்நோய் நாள்பட்டால் கால் நரம்புகள் உணர்விழக்கின்றன. சூடும் குளிரும் அப்பாதத்திற்கு ஒன்றாகிவிடும். 'இன்னும் கொஞ்சம் சூடாக வை' என்று அம்முதியவர் கேட்பாராயின், அது தேவையின் குரலாக இராது. நோயின் குரலாகவே இருக்கக்கூடும். அவர் சொற்படி கொதிக்கும் செங்கல்லை உள்ளங்காலில் வைத்தால் கொப்புளம் எழும், கொப்புளம் புண்ணாகும், ஆறாத புண்ணால் காலையே இழக்க நேரிடலாம். ஆகவே, அளந்து தரும் சூடு விருந்தினரைவிட லயத்து வீட்டு முதியவருக்கே மிகுதியும் தேவை அன்றோ?

'பாட்டி காலத்தில் யார் கேட்டார்கள்?' என்று மரபைத் துணைக்கு அழைப்போரும் உண்டு. மரபோ அவர்கள் பக்கம் நிற்கவில்லை. நோயுற்றவனின் அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் எண்ணிச் செயற்படுக என்று மருத்துவனுக்கு நெறி கூறுகிறது திருக்குறளின் மருந்து அதிகாரம். வளி, அழல், ஐயம் என்று உடலின் இயல்பை வகுத்தறிவது சித்த மருத்துவத்தின் அடிப்படை. அது கூறும் 32 வகைப் புறமருந்துகளில் ஒற்றடம், வேது, தொக்கணம் ஆகியவை தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஒன்று எல்லார்க்கும் பொருந்துமாயின் இத்தனை பகுப்பு எதற்கு? அண்டையில் வாழும் மலாய் மக்களிடமும் பிள்ளை பெற்ற தாய்க்குச் சூடாக்கிய கல்லை இலையிலும் துணியிலும் பொதிந்து ஒற்றும் 'பெர்துங்கு' முறை உண்டு. அறுவை வழியே குழந்தை பிறந்திருந்தால் காயம் ஆறும்வரை பொறுப்பதே அங்கும் நெறி.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? கல்லைத் தொடுமுன் ஆளைக் கேட்டல் வேண்டும். நீரிழிவு உண்டா, இதயநோய் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்கிறாரா, கருவுற்றிருக்கிறாரா, அண்மையில் அறுவை சிகிச்சையோ காய்ச்சலோ உண்டா என அறிதல் வேண்டும். காலில் திடீரென வலியும் வீக்கமும் கண்டிருந்தால், அது இரத்தக்கட்டாகவும் இருக்கலாம். அவரை மருத்துவரிடம் அனுப்புவதே கடமை. நேற்றுச் சறுக்கி விழுந்து வீங்கிய கணுக்காலுக்குச் சூடு ஆகாது. பல்லாண்டு கத்தரி பிடித்து இறுகிய தோளுக்கு மிதமான சூடும் நீண்ட நீவலும் இதம் தரும். மெலிந்த தோலுடைய மூத்தவர்க்குச் சூடும் குறைய வேண்டும். நேரமும் குறைய வேண்டும். நாள் முழுதும் சூட்டில் பழகிய கை சூட்டை அறியாது. ஆதலின் கல் கிடக்கும் நீரை வெப்பமானியால் அளப்பதும், இடையில் துணி விரிப்பதும், கல்லை எடுத்தபின் தோலின் நிறத்தைப் பார்ப்பதும் தவிர்க்க முடியாதவை. உணர்விழந்த பாதத்தில் சுடுகல்லோ செங்கல்லோ வைக்கவே கூடாது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பர் சிலர். இவ்வினாக்களைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். புண்ணாகிப்போன பாதத்தை ஆற்றவோ மாதங்கள் போதா. இன்று இத்தோட்டங்களில் கொழுந்து பறிப்போரில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். மொழி வேறாயினும் அவர்தம் முதுகும் முழங்காலும் அதே மேட்டில்தான் ஏறி இறங்குகின்றன. விடுதியில் கட்டணம் செலுத்துவோர்க்குக் கிடைக்கும் அந்த ஐந்து நிமிட விசாரணை, தேயிலைச் சரிவில் ஆயுளைக் கழித்த பாதங்களுக்கும் கிடைத்தாக வேண்டும்.