ரிக் போன பிறகு

"ரிக் போயிடுச்சு, இனி பயமில்லை." காவிரிப் படுகையில் எரிவாயுக் கிணறு உள்ள ஊர்களில் இந்தப் பேச்சைச் சாதாரணமாகக் கேட்கலாம். ரிக் எனும் துளையிடும் இரும்புக் கோபுரம், இரவு பகலாக உறுமும் டீசல் எஞ்சின்கள், சேற்றுக் குழி, வரிசை கட்டும் லாரிகள் எல்லாம் இருக்கும்வரை ஊர் தூங்குவதில்லை. அவை கிளம்பிப் போய், கம்பி வேலிக்குள் ஆளுயர வால்வு அடுக்கு மட்டும் மிஞ்சியதும் ஊர் அடங்கிவிடுகிறது. தோண்டும்போதுதான் ஆபத்து, தோண்டி முடித்தால் அது வெறும் குழாய் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இந்த எண்ணம் ஊர் மக்களோடு நிற்கவில்லை. நிறுவனங்கள் இதைத்தான் சொல்லி நிலம் கேட்கின்றன. போராடுகிறவர்களும் "புதுக் கிணறு கூடாது" என்ற முழக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். அரசு இயற்றிய சட்டமும் இதே எண்ணத்தின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. மூன்று தரப்பும் ஒரே தவற்றைச் செய்கின்றன என்பதே என் வாதம்.

தோண்டும்போது ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆந்திராவின் கோதாவரி முகத்துவாரத்தில், அமலாபுரத்துக்கு அருகே பாசர்லபூடியில் 1995 ஜனவரி 8 அன்று ஓஎன்ஜிசியின் கிணறு ஒன்று பீறிட்டுத் தீப்பிடித்தது. அதை அணைக்க 65 நாட்கள் ஆயின. தென்னந்தோப்புகளுக்கு நடுவே எழுந்த அந்தத் தீயைக் கண்டவர்கள் ரிக்கைப் பார்த்துப் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் தோண்டும் காலத்தில்தான் கிணற்றின்மீது அதிகபட்சக் கண்காணிப்பு இருக்கிறது. பொறியாளர்கள் அங்கேயே தங்குகிறார்கள், கனமான சேற்றுக் கலவை வாயுவை அமுக்கி வைக்கிறது, பீறிட்டால் மூட வாயடைப்பு இயந்திரம் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. ரிக் கிளம்பும்போது இந்த மூன்றும் சேர்ந்தே கிளம்பிவிடுகின்றன. அதன்பின் 20, 30 வருடங்கள் ஊருக்கும் வாயுவுக்கும் நடுவில் இருப்பது இரும்பும் சிமெண்டும்தான்.

அது எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 3,000 மீட்டர் ஆழத்தில் நீர்த்தம்பத்தின் அழுத்தம் மட்டுமே மேலே நாம் உணரும் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 300 மடங்கு. சில மண்ணடுக்குகளில் வாயு அதைவிடவும் அழுத்தத்தோடு அடைந்து கிடக்கும். அதை மேலே கொண்டுவர ஒன்றுக்குள் ஒன்றாகக் கேசிங் குழாய்களை இறக்கி, அவற்றுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள சந்தில் சிமெண்ட் பாலை அழுத்தி ஏற்றுகிறார்கள். நாம் குடிக்கும் நீர் நிற்கும் மணலடுக்கைக் காப்பது இந்தச் சிமெண்ட் உறைதான். அது சூட்டிலும் அழுத்த மாற்றத்திலும் விரிசல் விடும். கிணற்றின் தலைப்பகுதியில், குழாய்களின் இடைவெளியில் உள்ள அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானி முள் ஒன்று உண்டு. அழுத்தத்தை வெளியேற்றி இறக்கிவிட்ட பிறகும் அந்த முள் திரும்பத் திரும்ப ஏறினால், வாயு எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். ஊருக்குத் தெரிய வேண்டிய எண் அது ஒன்றுதான். எந்த ஊருக்கும் அது சொல்லப்படுவதில்லை.

கிணறு மூப்படையும்போது வாயுவின் வேகம் தணிகிறது. அதனால் ஆபத்தும் தணியும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. வாயு குறையக் குறையக் கூடவே உப்பு நீர் அதிகம் ஏறுகிறது. வாயுவில் கரியமில வாயு கலந்திருந்தால் நீரோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை உள்ளிருந்து அரிக்கிறது. கடலோரத்தில் வெளியிலிருந்தும் அரிப்பு உண்டு. உப்புக் காற்றும், உவர் ஏறிய நிலத்தடி நீரும், ஐப்பசி கார்த்திகையில் நாள்கணக்கில் நிற்கும் வெள்ளமும் புதைத்த குழாயை ஓயவிடுவதில்லை. பழுது கூடுகிறது, பராமரிப்பு கூடுகிறது, வருமானம் மட்டும் குறைகிறது. செலவழிக்க வேண்டிய காலமும் செலவழிக்க மனம் வராத காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. எனக்கு அச்சம் தருவது இதுதான்.

அசாமின் பாக்ஜான் கிணறு பல ஆண்டுகளாக அமைதியாக வாயு கொடுத்துக்கொண்டிருந்தது. 2020 மே மாதம் ஆயில் இந்தியா நிறுவனம் அதில் சீரமைப்பு வேலையில் இறங்கியது. வாயடைப்பு இயந்திரத்தைக் கழற்றிய கட்டத்தில், மே 27 அன்று, வாயு பீறிட்டது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. அதில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நவம்பர் 15 அன்றுதான் தீயை முழுதாக அடக்க முடிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் முகாம்களில் கிடந்தார்கள். பக்கத்திலேயே திப்ரு சைகோவா தேசியப் பூங்காவும் மாகுரி மோட்டாபுங் சதுப்பு நிலமும் இருந்தன. தோண்டும் காலம் முடிந்து எத்தனையோ வருடம் ஆன கிணறு அது.

நகரம் என்ற ஊர் பாசர்லபூடி இருக்கும் அதே கோனசீமா பகுதியில்தான் இருக்கிறது. 2014 ஜூன் 27 அன்று விடியற்காலையில், அங்கே மண்ணுக்கடியில் ஓடிய கெயில் குழாயிலிருந்து கசிந்த வாயு தாழ்வான இடங்களில் தேங்கி, அடுப்புப் பற்றவைத்த நேரத்தில் வெடித்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈரப்பதம் நீக்காத வாயுவை ஓட்டியதும் அதனால் வந்த அரிப்பும் விசாரணையில் வெளிவந்தன. அங்கே பீறிட்ட கிணறும் இல்லை, ரிக்கும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் புதைந்திருந்த குழாய் மட்டுமே இருந்தது.

நம் காவிரிப் படுகையின் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று வயலில் எண்ணெய் பரவியதும் குழாய்க் கசிவால்தான். ஊரே திரண்டது. தடியடி நடந்தது, 10 பேர் கைதானார்கள். குழாயின் வயது என்ன, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்ட ஊருக்கு வழக்குகள் பதிலாக வந்தன.

2020-இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது டெல்டா கொண்டாடியது. கொண்டாட வேண்டிய சட்டம்தான். நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து வெயிலில் உட்கார்ந்தவர்களுக்கும், மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகச் சென்று அந்தப் பயணத்திலேயே உயிர்விட்ட இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது, ஏற்கெனவே இயங்குபவற்றைத் தொடாமல் விடுகிறது. நாம் பயந்த கிணற்றை நிறுத்திவிட்டோம். நம் வயலில் ஏற்கெனவே துருப்பிடித்துக்கொண்டிருக்கும் கிணற்றை யாரும் கேட்காத இடத்தில் விட்டுவிட்டோம்.

"நாட்டுக்கு எரிவாயு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். கோவில்களப்பாலிலும் வழுதூரிலும் மின்சாரம் அந்த வாயுவில்தான் தயாராகிறது. எல்லாக் கிணற்றையும் நாளையே மூடு என்று நான் கேட்கவில்லை. "பாதுகாப்பு விதிகள் இருக்கின்றனவே" என்பார்கள். இருக்கின்றன. எண்ணெய்ச் சுரங்க விதிகள் உண்டு, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் உண்டு. பாக்ஜானிலும் நகரம் கிராமத்திலும் விதிகள் இருந்தன. விதியைப் பின்பற்றுகிறவரும், பின்பற்றினாரா என்று எழுதி வைப்பவரும், அந்த எழுத்தைப் பூட்டி வைப்பவரும் ஒருவராகவே இருந்தால் அந்த விதியால் ஊருக்கு என்ன பயன்?

வற்றிய கிணற்றைக் கைவிடுவதும் ஒரு வேலை. உள்ளே பல இடங்களில் சிமெண்ட் அடைப்பு வைத்து, அது தாங்குகிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்த்து, பிறகே தலையை வெட்டி மூட வேண்டும். மேலே தகடு வைத்துப் பற்றவைத்தால் முடிந்தது என்ற கணக்கு கிடையாது. நாகை, திருவாரூர் மாவட்டங்களில் 1980-களிலிருந்து தோண்டப்பட்டவற்றில் எவை ஓடுகின்றன, எவை நிற்கின்றன, எவை முறையாக அடைக்கப்பட்டன என்ற பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இடைவெளி அழுத்தத்தின் அளவும், குழாய்ச் சோதனை நடந்த தேதியும் அதில் இருக்க வேண்டும். அடைப்புச் செலவுக்கான பணத்தைக் கிணறு ஓடும் காலத்திலேயே தனியாக ஒதுக்கி, அந்தக் கணக்கையும் அங்கே காட்ட வேண்டும்.

அடுத்த கிராம சபை கூடும்போது உங்கள் ஊர்க் கிணற்றின் வயதையும், அந்த முள் காட்டும் எண்ணையும், அதை அடைக்கப்போகிறவர் யார் என்பதையும் கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். கேள்வியைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.