பெட்ரோலின் மீதே பழியா?

காலையில் காரைக் கிளப்பினால் என்ஜின் குலுங்குகிறது. தோப்பும்படி சந்திப்பில் நின்று மீண்டும் புறப்படும்போது இழுவை இல்லை. லிட்டருக்குக் கிடைத்து வந்த கிலோமீட்டரும் குறைந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "கரி பிடித்திருக்கிறது, பெட்ரோல் சரியில்லை" என்று ஒரே வரியில் தீர்ப்பு கிடைக்கிறது. இந்தத் தீர்ப்பு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

கார் முதலாளியுடையது என்றால், "எந்தப் பம்பில் ஊற்றினாய்?" என்ற கேள்வி டிரைவரை நோக்கித்தான் பாய்கிறது. தமிழகத்தில் 'பங்க்' என்பதை இங்கே 'பம்ப்' என்பார்கள். பெயர் எதுவானாலும் பழி ஒன்றுதான். விலை குறைந்த சரக்கை ஊற்றிவிட்டு மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் என்ற சந்தேகம் எழுகிறது. சில இடங்களில் ரிப்பேர் செலவின் ஒரு பகுதி சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பிழைக்க வந்து, பிறர் காரை ஓட்டும் ஒருவருக்குச் சம்பளம் குறைவதைவிடப் பெயர் கெடுவது பெரிய நஷ்டம். அடுத்த வேலைக்குச் சிபாரிசு செய்ய ஆள் கிடைக்காது. கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை வாங்கி, பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரும் குமாஸ்தாவின் கதை வேறு. அவர் பம்பை மாற்றிப் பார்க்கிறார், விலை உயர்ந்த பெட்ரோலுக்கு மாறிப் பார்க்கிறார், கடையில் விற்கும் 'கரி நீக்கும்' மருந்துப் புட்டியை வாங்கி டாங்கில் ஊற்றுகிறார். குலுக்கல் மட்டும் நிற்பதில்லை.

நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. பெட்ரோல் போகாத இடத்தில் பிடித்த கரியைப் பெட்ரோலைக் கொண்டு கழுவ முடியாது.

பழைய கார்களில் கார்புரேட்டர் இருந்தது. அதன்பின் வந்த இன்ஜெக்‌ஷன் கார்களிலும் பெட்ரோல், காற்று உள்ளே நுழையும் வால்வின் முதுகின் மேல்தான் தெளிக்கப்பட்டது. சிலிண்டருக்குள் போகும் வழியில் அந்த வால்வைத் தினமும் குளிப்பாட்டிவிட்டுப் போயிற்று. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ற புதுமுறையில் அப்படியில்லை. இன்ஜெக்டரின் மூக்கு சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. மிக உயர்ந்த அழுத்தத்தில் பெட்ரோல் அங்கேயே பீய்ச்சப்படுகிறது. வால்வின் முதுகு ஒரு சொட்டுப் பெட்ரோலையும் பார்ப்பதில்லை.

இந்த முறை நேற்று முளைத்ததல்ல. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1950-களின் நடுவிலேயே 300 எஸ்.எல். என்ற காரில் இதைக் கையாண்டது. 1996-ல் ஜப்பானின் மிட்சுபிஷி இதைப் பெருவாரி உற்பத்திக்குக் கொண்டுவந்தது. சிறிய என்ஜினில் அதிக சக்தி, குறைந்த பெட்ரோல் செலவு என்பதால் உலகம் முழுவதும் பரவியது. டர்போ பொருத்திய சிறிய பெட்ரோல் கார்கள் இந்தியச் சாலைகளில் பெருகியதோடு, அவற்றில் பலவற்றின் மூலம் இம்முறை இங்கும் சாதாரண மனிதரின் வாசலுக்கு வந்துவிட்டது. டீசல் என்ஜினுக்கு இதெல்லாம் பழங்கதை. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகுகளின் என்ஜினிலும் எண்ணெய் நேரே சிலிண்டருக்குள்தான் போகிறது.

அப்படியானால் வால்வின் மேல் பிடிக்கும் கரி எங்கிருந்து வருகிறது? என்ஜின் ஆயிலிலிருந்து. பிஸ்டனின் ஓரமாகக் கசியும் வாயு, ஆயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு அடியறைக்குள் இறங்குகிறது. முற்காலத்தில் இந்தப் புகையை வெளியே விட்டுவிடுவார்கள். காற்று மாசுபடக் கூடாது என்பதற்காக இப்போது அதை ஒரு குழாய் வழியே திரும்பவும் என்ஜினுக்குள் அனுப்பி எரிக்கிறார்கள்; செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் அந்த ஆவி சூடான வால்வின் முதுகில் படிந்து வேகிறது. சமையலறையில் அடுப்புக்கு மேலே உள்ள சுவரைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தாளிக்கும் எண்ணெய்ப் புகை நாள்தோறும் மெல்லியதாக ஒட்டி, வருஷக் கணக்கில் பிசுக்காகி, கடைசியில் கத்தியால் சுரண்டினால்தான் பெயரும். பழைய முறையில் அந்தச் சுவரைத் தினமும் துடைக்க ஓர் ஆள் இருந்தது. புதிய முறையில் இல்லை.

நகரத்துக்குள் குறுந்தூரம் ஓட்டும் வண்டிக்கு இந்தத் தொல்லை கூடுதல். பாலத்தில் ஏறும்முன் ஊர்ந்து, வில்லிங்டன் தீவில் இறங்கி நிறுத்தி, அரைமணி கழித்து மீண்டும் கிளப்பும் கார், சரியாகச் சூடேறுவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து அதைக் கெடுக்கின்றன. கிலோமீட்டர் கணக்கு ஆகவில்லையே என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடும் முதலாளிகள் இதை யோசிப்பதில்லை. ஆயிலை எப்போது மாற்றுவது, எந்தத் தர ஆயிலை ஊற்றுவது என்பதை முடிவு செய்பவர் டிரைவர் அல்ல. அவர் தேர்ந்தெடுப்பது பம்பை மட்டுமே. அதுவும் பல வீடுகளில் முதலாளி சொன்ன பம்புதான். கரிக்கு அவரைப் பொறுப்பாக்குவது எந்த ஊர் நியாயம்?

இதனால் பெட்ரோல் எப்போதும் உத்தமம் என்று ஆகிவிடாது. ரேஷன் மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் அதைப் பெட்ரோலிலும் டீசலிலும் கலப்பது நாடெங்கும் ஒரு வியாபாரமாகவே நடந்தது. கோலார் தங்கவயலில் வளர்ந்த சண்முகம் மஞ்சுநாத், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரியாக உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் பணியாற்றினார். கலப்படம் செய்த பம்புக்கு முத்திரை வைத்த அந்த இளைஞரை 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். மானியம் படிப்படியாகக் குறைந்து விலை வித்தியாசம் சுருங்கியபின் அந்தக் கலப்படத்தின் லாபமும் சுருங்கியது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் முழுதாக எரியாது. சிலிண்டருக்குள் புகைக்கரி படியும், இன்ஜெக்டரின் நுண்துளைகள் அடைபடும். சிலிண்டருக்குள் ஏற்படும் இந்தக் கெடுதிக்குப் பெட்ரோலைக் குற்றம் சாட்டலாம். வால்வின் முதுகுக்கு அல்ல.

"ஊர்ப் பெட்ரோல்தான் நல்லது, இங்கே ஊற்றினால் வண்டி கெடும்" என்று சொல்லி, வாளையாறு தாண்டும்வரை டாங்கைக் காலியாக வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. அம்பலமுகளில் 1966-ல் தொடங்கிய கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கோயம்புத்தூருக்கும் கரூருக்கும் சுமார் 290 கிலோமீட்டர் நீளக் குழாய் போகிறது. 2002-லிருந்து அதன் வழியே பெட்ரோலும் டீசலும் ஓடுகின்றன. வாளையாறு தாண்டி ஊற்றிக்கொள்ளும் 'ஊர்ப் பெட்ரோல்' இங்கிருந்து புறப்பட்டதாகவே இருக்கக்கூடும். எண்ணெய் நிறுவனங்கள் தமக்குள் சரக்கைப் பரிமாறிக்கொள்வதும் வழக்கம். சரக்கின் தரமும் முன்பிருந்ததல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 தரம் வந்தபின், கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. தவறு நடந்தால் அது பெரும்பாலும் லாரியிலோ பம்பின் நிலத்தடி டாங்கிலோ நடக்க வேண்டும். மாநில எல்லையில் அல்ல.

மைலேஜ் குறைவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதையும் கரியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. ஆக, பழைய கார் வைத்திருப்பவர் இந்தக் குறைவைச் சுமக்கத்தான் வேண்டியிருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தால் டிரைவர் பெட்ரோலைத் திருடினார் என்று முடிவு கட்டுவதற்குமுன், முதலாளிமார் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. புகைக்கரியைப் பெருக்கும் பொருள் என்று அதைச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் டாங்கில் தண்ணீர் இறங்கினால் அதை இழுத்துக்கொண்டு அடியில் பிரிந்து நிற்கும் என்பதுதான் அதன் உண்மையான ஆபத்து. கேரளத்து மழையை அறிந்தவர்கள் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

ஆக்டேன் எண்ணைக் காட்டி விற்பதையும் சொல்ல வேண்டும். 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரிலிருந்து இந்தியாவில் விற்பனையாகிறது. ஆக்டேன் என்பது என்ஜின் தட்டாமல் எரியும் திறனைக் குறிக்கும் எண். அழுக்கு நீக்கும் சக்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அழுக்கு நீக்கும் மருந்து தனியாகக் கலக்கப்பட்டிருந்தால் அது இன்ஜெக்டரின் மூக்கைச் சுத்தமாக வைத்திருக்க உதவும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காரின் வால்வை அது எட்டவே எட்டாது. இதை விற்கிறவர்கள் சொல்வதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை.

குலுக்கல் என்றவுடன் கரி என்று முடிவு கட்டுவதும் தவறு. ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம், காயில் பழுதாகியிருக்கலாம், பெட்ரோலில் தண்ணீர் இருக்கலாம். விரல் பருமனும் இல்லாத காமிரா ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தால் வால்வின் முதுகு திரையில் தெரிந்துவிடும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்காமல் ஆயிரக்கணக்கில் பணம் கட்டக் கூடாது. கரிதான் என்றால், அக்ரூட் ஓட்டைப் பொடித்துக் காற்றின் வேகத்தில் அடித்து அதைப் பெயர்த்தெடுக்கும் முறை இருக்கிறது. உலோகத்தைக் கீறாமல் கரியை மட்டும் உதிர்க்கும். டாங்கில் ஊற்றும் மருந்தால் ஆகாத வேலை அது.

பெட்ரோலின் மேல் சந்தேகம் வந்தால், அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய இடம் பம்புதான். வடிதாள் சோதனை கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. குழாயின் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுப் பெட்ரோலைத் தாளில் விட்டால், இரண்டொரு நிமிஷத்தில் கறையில்லாமல் உலர வேண்டும். லேசான இளஞ்சிவப்பு தங்கினால் பயப்பட வேண்டாம். அது பெட்ரோலில் சேர்க்கும் சாயம். அடர்த்தியைச் சோதித்துக் காட்டவும் கேட்கலாம். லாரி வந்தபோது பதிவேட்டில் எழுதிய எண்ணுக்கும் அப்போது காட்டும் எண்ணுக்கும் வித்தியாசம் 3-க்கு மேல் போகக் கூடாது. அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் பாத்திரம் இருக்கிறது. 25 மில்லிக்குமேல் குறைந்தால் புகார் செய்யலாம். மலையாளம் வாசிக்கத் தெரியாத ஒரே காரணத்தால் இவற்றைக் கேட்கத் தயங்குகிற தமிழர்கள் ஏராளம். தமிழ்த் தொழிலாளர் நிறைந்த வாத்துருத்தியை ஒட்டிய பகுதிகளில், பம்புகளில் இந்த உரிமைகளைத் தமிழிலும் ஒரு பலகையில் எழுதி வைக்க எண்ணெய் நிறுவனங்கள் முன்வந்தால் செலவு ஒன்றும் பெரிதல்ல.

டிரைவர்கள் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் ரசீதை வாங்கி, கிலோமீட்டர் எண்ணை அதன் பின்புறம் எழுதி வைப்பது அவர்களுக்கே பாதுகாப்பு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக நேர்ந்ததாக இருக்க வேண்டும்; காரணம் சொல்ல அவருக்கு வாய்ப்பும் தர வேண்டும். நிறுவனங்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை எடுத்துச் சொல்லலாம். தனி வீடுகளில் ஓட்டுகிறவர்களோ பெரும்பாலும் முதலாளியின் நியாய உணர்வையே நம்பியிருக்கிறார்கள்.

சொந்த டாக்சி வைத்திருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுயதொழிலாக, பிழைப்புக்காகவே ஓட்டும் வண்டி என்றால் நுகர்வோர் சட்டம் அவர்களையும் நுகர்வோராகவே ஏற்கிறது. தேவையில்லாத வேலையைச் செய்து பில் போட்ட பட்டறையின் மேல் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது.

கார் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. இந்தக் குறையை அவர்கள் அறியாதவர்கள் அல்ல. டொயோட்டா 2005-லேயே, வால்வின் மேல் ஓர் இன்ஜெக்டரும் சிலிண்டருக்குள் ஓர் இன்ஜெக்டரும் என இரண்டையும் வைத்த என்ஜினைக் கொண்டுவந்துவிட்டது. அதற்குச் செலவு கூடும் என்பது உண்மையே. செலவைக் குறைத்து விற்பவர்கள், வாங்கும் வேளையிலேயே இது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின், இத்தனை கிலோமீட்டரில் வால்வைத் திறந்து பார்க்க வேண்டும், அதற்கு இவ்வளவு செலவாகும் என்று எழுதிக் கொடுக்கட்டும். பழைய கார் விற்பவர்களும், வால்வைச் சுத்தம் செய்த ரசீது இருந்தால் அதைக் காட்டியே விற்கட்டும். இல்லையென்றால் அந்தச் செலவைக் கேட்கும் விலையில் கழித்துக்கொள்ளட்டும்.