ஓர் ஆப்பிளும் ஒரு மாம்பழமும்

மூன்று அகவை நிரம்பாத குழந்தையின் கையில் முதன்முதற் கொடுக்கப்பெறும் ஆங்கிலப் படச்சுவடியின் முதற் பக்கத்தில், செக்கச் சிவந்த ஆப்பிள் ஒன்று அச்சிடப்பெற்றிருக்கும். 'ஏ' என்றால் ஆப்பிள். 'எம்' என்றால் மாங்கோ. 'ஓ' என்றால் ஆரஞ்சு. குழந்தை பாடுகின்றது, தாய் பூரிக்கின்றாள், தந்தையோ வீட்டிற்கு வருவார் போவாரிடமெல்லாம் பாடச் சொல்லிக் காட்டி மகிழ்கின்றார். அதே குழந்தையைக் கொல்லைக்கு அழைத்துச் சென்று, ஈன்று நிற்கும் வாழையைக் காட்டி, இது யாது என்று வினவினால் 'பனானா' என்னும். தார் எது, சீப்பு எது, கச்சல் எது என்றால் விழிக்கும். குழந்தை மட்டுமா, பூரித்த தாயும் விழிப்பாள்!

ஆங்கிலம் கற்பது குற்றமன்று. தனித்தமிழ் என்றாலே பிறமொழி கல்லாமை என்று நாக்கூசாது சொல்லித் திரிவோர்க்கு விடை வேண்டுமாயின், மொழிஞாயிறு பாவாணர் தம் கொள்கையை 1966ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலேயே பெருநூலாக எழுதி வெளியிட்டதை நினைவூட்டினாற் போதும். கற்கும் முறைமையே ஈண்டு வினா. தமிழை வாயிற்படிக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கற்கும் ஆங்கிலம் உருப்படுமா என்பதைப் பழத்தின் பெயர் கற்பிக்கும் அந்த முதற் பாடத்திலேயே கண்டுகொள்ளலாம்.

ஆப்பிளுக்கு முன்னர் 'அன்' வரும். மாங்கோவுக்கு முன்னர் 'அ' வரும். இதுவே பழப்பாடத்தின் முதல் இலக்கணம். இதனைக் குழந்தைகள் மனப்பாடம் செய்ய முடியாமல் தடுமாறுகின்றனர்; தவறெழுதி அடியும் வாங்குகின்றனர். ஆனால், உயிரெழுத்தின் முன் 'ஓர்', மெய்யின் முன் 'ஒரு' என்னும் நெறி தமிழில் இல்லையா? ஓர் ஆப்பிள், ஒரு மாம்பழம். ஓர் ஆரஞ்சு, ஒரு பலா. ஆங்கிலர் சொல்வதும் இதுவே அன்றோ! இன்னும் நுணுகிப் பார்த்தால், இரண்டும் பிறந்த வகையும் ஒன்றே. பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்பது ஒன்று என்னும் எண்ணைக் குறித்த சொல். அது தேய்ந்து 'அன்' ஆயிற்று. மெய்யொலிக்கு முன்னர் ஈற்று னகரமும் கெட்டு 'அ' என நின்றது. நம் ஒன்று என்னும் எண்ணே ஒரு எனவும் ஓர் எனவும் நிற்றலைப் போன்றதே அது. ஓர், ஒரு வேறுபாட்டைத் தமிழ் வகுப்பிற் செவ்வனே கற்ற குழந்தைக்கு ஆங்கிலப் பாடம் அரை நாழிகை வேலை. எழுத்தை நோக்காது ஒலியை நோக்க வேண்டும் என்னும் ஒன்றை மட்டும் பின்னர்ச் சொல்லிக் கொடுத்தாற் போதும். இக்கால் நடப்பதோ தலைகீழ். 'ஒரு ஆப்பிள்' என்று தமிழைப் பிழைபட எழுதும் சிறுவன், ஆங்கிலத்தில் 'அன்' விடுபட்டால் மட்டும் நாணுகின்றான். தமிழிற் பிழைபடுவது நாணத்தக்கதென்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

பன்மையும் அவ்வாறே. 'பத்து மாங்கோ' என்று எழுதிய குழந்தையின் சுவடியில் ஆசிரியர் செம்மையாற் கோடிழுக்கின்றார்; ஏன் பிழை என்று சொல்வதில்லை. அக்குழந்தை அறிவின்மையால் எழுதவில்லை. தன் தாய்மொழி நெறிப்படியே எழுதியது. பத்து மாம்பழம் என்பது தமிழிற் பிழையன்று. அஃறிணைப் பெயர்க்குக் 'கள்' சேர்ந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் தமிழில் இல்லை. மாம்பழம் பழுத்தது என்றால் ஒன்று. மாம்பழம் பழுத்தன என்றால் பல. எண்ணை வினைமுற்று காட்டிவிடும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இதற்குப் பெயரும் இட்டு வைத்தனர் நம் இலக்கணத்தார். ஆங்கிலத்திலோ அப்பொறையைப் பெயரே சுமக்க வேண்டும். இதனை இரண்டு சொல்லிற் சொன்னால் குழந்தைக்கு விளங்கிவிடும். ஆனால் அதைச் சொல்வதற்கு ஆசிரியர் தமிழ் இலக்கணம் அறிந்திருக்க வேண்டும். வகுப்பறையில் தமிழ் பேசியதற்குத் தண்டம் வாங்கும் பள்ளியாகவும் அஃது இருத்தல் கூடாது.

இனி, அச்சொற்கள் வந்த வழியையும் பார்க்கலாம். 'மாங்கோ' என்பது யார் வீட்டுச் சொல்? தமிழ் மாங்காயும் மலையாள மாங்ஙயுமே போர்த்துக்கீசர் வாயில் 'மங்கா' ஆகி ஆங்கிலத்திற் புகுந்தன என்று ஆங்கில அகரமுதலிகளே எழுதி வைத்துள்ளன. நம் காயின் பெயரைக் கொண்டுபோய்ப் பழத்திற்கு இட்டுக்கொண்டனர். இன்று அவர்கள் காயைச் சொல்ல வேண்டுமாயின் 'பழுக்காத மாங்கோ' என்று அடைகொடுத்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது. பலாவுக்கு அவர்கள் வழங்கும் பெயரின் முற்பகுதியும் மலையாளச் சக்கையே. ஆரஞ்சின் வழி நெடிது. நாரத்தையோடு உறவுடைய தென்மொழிச் சொல்லே வடமொழியில் 'நாரங்கம்' ஆகிப் பாரசீகம், அரபு, பிரெஞ்சு எனப் பல நாடு சுற்றி ஆங்கிலத்தை அடைந்தது என்பர் அறிஞர் பலர். முதலில் இருந்த நகரம் எங்கே போயிற்று? ஐரோப்பிய மொழிகளில் அதற்கு முன் நின்ற 'ஒரு' என்னும் பொருட்சொல்லின் ஈற்று ஒலியோடு ஒட்டி, அதனுள் மறைந்தது. 'அன்' பாடத்தில் இதைச் சொன்னால் எந்தக் குழந்தை மறக்கும்?

இதற்காக உலகப் பழமெல்லாம் தமிழன் பழம் என்று கிளம்பிவிடவும் வேண்டா. அன்னாசியும் கொய்யாவும் பப்பாளியும் அமெரிக்க மண்ணிற் பிறந்து, போர்த்துக்கீசர் காலத்தில் கப்பலேறி வந்தவை. அவற்றிற்குச் சங்கக்காலப் பிறப்புச் சான்று தேடி அலைவோர் தமிழுக்கு நகையே தேடித் தருகின்றனர். ஆப்பிளுக்கு 'அரத்தி' என்று பெயரிட்டு வழங்குவோரும் உளர். பெயர் நன்றே, ஆயின் மாவின் வடுவையும், பலாவின் மூசையும், தென்னையின் குரும்பையையும் வெறுமனே 'பிஞ்சு' என்றும் சொல்ல மறந்து 'சின்ன காய்' என்னும் வாய்க்கு அரத்தி ஒன்றைக் கொடுத்து ஆவதென்ன? வடு, காய், செங்காய், பழம், அளிந்த பழம் என ஒரு மாவின் வாழ்நாளையே அளந்து வைத்த மொழி இது. தோல், தொலி, ஓடு, மட்டை என மேலுறைக்கும், விதை, கொட்டை, முத்து என உள்ளீட்டிற்கும் வேறு வேறு சொல் உண்டு. இவை அகரமுதலியிற் கிடக்கும் அருஞ்சொற்கள் அல்ல. உழவன் வீட்டுப் பாட்டி இன்றும் பேசுபவை. பேரக் குழந்தைக்கு அவள் பேச்சுப் புரியவில்லை என்பதே இழப்பு.

ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழிக் கல்வி என்ற 1999ஆம் ஆண்டின் அரசாணையை மறு ஆண்டே உயர்நீதிமன்றம் செல்லாதாக்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஒரு பாடமாக்கியது; பயிற்றுமொழி ஆக்கவில்லை. 2012ஆம் ஆண்டிலிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழி வகுப்புகள் பெருகின. இவற்றுக்கெல்லாம் அரசையும் மன்றத்தையும் குறைகூறுதல் எளிது. மேடையில் தமிழ் முழங்கிவிட்டு, விடியலில் தம் பிள்ளையை ஆங்கில மழலைப்பள்ளி வண்டியில் ஏற்றிவிடும் அன்பர்கள் தம்மைத் தாமே குறைகூறிக் கொள்வதுதான் அரிது. அவர்கள் எண்ணிக்கை சிறிதன்று.

பள்ளி எவ்வழியாயினும் ஆகுக, வீடு நம்முடையது. வைகாசியில் மாம்பழம் வீட்டிற்கு வருகின்றது. குழந்தையை அருகில் இருத்தி, ஒரு பழத்தையும் ஒரு காயையும் அதன் கையில் தந்து, தோல் எது, கதுப்பு எது, கொட்டை எது என்று சொல்லிக் கொடுக்க எந்தப் பள்ளியின் இசைவும் வேண்டா. ஆப்பிள் வாங்கி வரும் நாளில் 'ஓர் ஆப்பிள்' என்று சொல்லித் தரலாம்; ஆங்கிலச் சுவடியைப் பிறகு திறந்துகொள்ளலாம்.