உப்புக்கும் உண்டு எல்லை

திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய அதே 1955-ல்தான், பன்றித் தோல் செதில் செதிலாகத் தடிப்பதற்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று அமெரிக்காவில் டக்கர், சால்மன் இருவரும் காட்டினார்கள். தோலோடு போகவில்லை விஷயம். துத்தநாகம் குறைந்தால் தைமஸ் சுரப்பி சுருங்கும். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையும்.

சித்தூர்ப் பக்கம் தவிடு போட்டு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். தவிட்டில் துத்தநாகம் இருக்கிறது. கூடவே உள்ள ஃபைட்டேட் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வயிறு நிறையும், சத்து சேராது. தாது உப்புக் கலவை அதற்குத்தான். அளவு மீறினால் சாணம் வழியே மண் கெடும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் மருந்தளவுத் துத்தநாக ஆக்சைடைத் தடை செய்தது இதனால்தான்.

இன்னொன்றை உப்பு விற்பவர் சொல்லமாட்டார். 2020-ல் அசாமில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை எந்த உப்பும் தடுக்காது. ஓட்டல் மிச்சத்தைப் போடுவதென்றால் அரை மணி நேரமாவது கொதிக்கவிடுங்கள்.